இறங்காத எண்

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேசையில் விரித்து, பேனா முனையால் ஒரே எண்ணைத் தட்டினார்.

"தைராய்டு அளவு முப்பத்தெட்டு. அஞ்சுக்குள்ள இருக்கணும். எட்டு மாசத்துல மூணு தடவை டோஸ் ஏத்தியாச்சு. மாத்திரை எங்கதான் போகுது?"

என் மருமகள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். போன வாரம் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதிக்க மறந்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேனுக்குள் பதினாறு பிள்ளைகள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் இனி வேலை.

"தினமும் வெறும் வயித்துல போடறேன் டாக்டர். அரைமணி கழிச்சுதான் காப்பி." என்றாள் மருமகள்.

"புளுகாத," என்றான் என் மகன். "மாத்திரைன்னாலே உனக்கு ஆகாது. துப்பிட்டு வந்திருப்ப."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்க வேற செய்யணுமா? அதான் எண்ணே சொல்லுதே."

இந்தத் தைராய்டு எதனால் வந்தது என்று வீட்டில் நான் நடத்தாத விசாரணை இல்லை. முட்டைக்கோஸ் என்றேன், ஈரத்தலை என்றேன், ஒருநாள் அவள் அம்மா வீட்டு வழி என்றும் சொல்லித் தொலைத்தேன். உடம்பின் காவல்படையே கழுத்துச் சுரப்பியை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது, இதில் யார் தப்பும் இல்லை என்று டாக்டரம்மா முதல் நாளே விளக்கியிருந்தார். தலையை ஆட்டினேனே தவிர நம்பவில்லை. எலும்பில் சத்து இல்லாமல்தான் இவ்வளவும் என்று எனக்குத் தீர்மானம். படியேறும்போதெல்லாம் முழங்காலைப் பிடிக்கிறவளைப் பார்த்தால் மனசு கேட்குமா? நான் போடும் சத்து மாத்திரையை நீட்டினேன். "இன்னொரு மாத்திரையா? ஆளை விடுங்க அத்தை" என்றாள். சரி, தெரிந்தால்தானே வேண்டாம் என்பாள்.

"கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது?" டாக்டரம்மா கேட்டார். "அதெல்லாம் இந்த மருந்தை உடம்புல சேரவே விடாது. நாலு மணி நேரமாவது தள்ளித்தான் போடணும்."

"எதுவுமே இல்லையே டாக்டர்," என்றாள் மருமகள்.



"போடாம விட்டிருந்தா சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா நான் வேற வியாதி தேடணும்."

மருமகள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள், யாரோ ஒருத்தியின் கைகளைப் பார்ப்பதுபோல. "இப்பல்லாம் எதுதான் நெனப்புல நிக்குது... போட்டதா நெனச்சுக்கிட்டு, போடாமயே இருந்துடறேனோ என்னவோ."

"காப்பி போடறது நான்," என்றேன்.

"அதுக்கென்னம்மா இப்ப?" என்றான் மகன்.

"என் கால்சியம் மாத்திரையைப் பொடி பண்ணி அதுல கலந்தேன். எட்டு மாசமா. காப்பிக் கசப்புல தெரியாதுன்னு..."

இனி மருந்து முழுதாக உடம்பில் சேரும் என்று டாக்டரம்மா டோஸைக் குறைத்து எழுதினார். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. அதுவரை வேனைத் தொடக் கூடாது.

மகன் மருந்துக் கடை வரிசையில் போய் நின்றுகொண்டான். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தேன்.

"குடிம்மா."

வாங்கிக்கொண்டாள். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, அடிவரை பார்த்தாள். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.