மைனஸ் இரண்டே கால்

கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய கால்குலேட்டர் வரைபுகூடப் போடும். அது வந்த நாளிலிருந்து மயூரி டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்க வந்து ஒரு வருடம். ஒரு சோதனையின் நாற்பது விடைத்தாளையும் ஒரே மாலையில் திருத்தி முடித்தது அப்போதுதான் முதல் தடவை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? x வர்க்கத்திலிருந்து 3x ஐக் கழிக்கும் சார்பை அமுக்கினாள். முழு எண்களுக்கான பெறுமான அட்டவணை வரிசையாக வந்தது. x ஒன்றாக இருந்தாலும் மைனஸ் இரண்டு, இரண்டாக இருந்தாலும் மைனஸ் இரண்டு. மிகக் குறைந்த பெறுமானம் அதுதான் என்று விடை குறித்துக்கொண்டாள். மைனஸ் இரண்டே கால் என்று எழுதியிருந்த சுதர்சினிக்குச் சிவப்பில் ஒரு வெட்டு, மூன்று புள்ளி போயிற்று.

பதுளையில் நடக்கும் இலவச வார இறுதி வகுப்பில் பாடசாலைக்கு ஓர் இடம். அந்தச் சோதனையில் முதலாவதாக வருகிற பிள்ளைக்குத்தான் அது. சுதர்சினியைவிட இரண்டு புள்ளி கூட எடுத்து, அதே வகுப்பு மதுரன் போனான்.

மூன்று வாரம் கழித்து, வகுப்பில் காட்டலாமென்று வரைபுப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள் மயூரி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கோடு இன்னும் கீழே இறங்கியது. ஒன்றரையில் மைனஸ் இரண்டே கால். பாவி, இந்தப் பொத்தானை அன்றைக்கே அமுக்கியிருக்கக் கூடாதா?

பாடசாலை அதிபரிடம் ஓடினாள்.

"பேரு குடுத்தாச்சு, வகுப்பும் தொடங்கிருச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க டீச்சர்," என்றார் அவர்.

விட முடியுமா? இடைவேளையில் சுதர்சினியைக் கூப்பிட்டாள்.

"நீ எழுதினதுதான் சரி பிள்ளை. நான்தான் பிழை விட்டிட்டன்."

சுதர்சினி தன் கணிதக் கொப்பியை எடுத்து விரித்தாள். பதினைந்து வரைபுகள் இருக்கும். எல்லாவற்றிலும் அடிப்பாகம் அடிமட்டக் கோல் வைத்துத் தட்டையாகக் கீறப்பட்டிருந்தது.

"நீங்க வெட்டுனதுக்கப்புறம் இப்படித்தான் போட்டுப் பழகுறேன் டீச்சர்," என்றாள். பிறகு, சத்தம் உயராமல் கேட்டாள்: "பரீட்சையில நான் வளைச்சுத்தானே வரைஞ்சிருந்தேன். நீங்க அதப் பாக்கலியா?"

ஒரு பொய் சொன்னால் போதும், பிள்ளை நம்பிவிடுவாள்.

"பாக்கேல்லை. விடையை மட்டும் பாத்து வெட்டிட்டன்," என்றாள் மயூரி.