மேலே இருக்க வேண்டிய கம்பி

பதினான்கு வருஷமாக அந்தத் திருச்சபைக்கும் இந்தக் கல்லூரிக்கும் உறவு. ஒவ்வொரு விடுமுறைக்கும் மாணவர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்குவார்கள். பத்து நாள் மண் சுமப்பார்கள், செங்கல் அடுக்குவார்கள், கையில் கொப்புளத்தோடும் கண்ணில் நீரோடும் திரும்பிப் போவார்கள். அப்படி எழுந்ததுதான் சபைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடம். முதல் வருஷம் மாணவராக வந்தவர் இப்போது அதே கல்லூரியில் வாத்தியார், இந்த முறைதான் குழுவுக்குத் தலைவராகத் திரும்பி வருகிறார். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷர் நிறுத்தவே மாட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. முதல் வகுப்பறை வாசலுக்கு மேலே வெயிலுக்கும் மழைக்கும் நீட்டியிருந்த சன்ஷேடு உடைந்து கீழே கிடந்தது.

“நல்ல வேளை, லீவு நாள். பிள்ளைங்க யாரும் இல்ல,” என்றார் போதகர். அவர் இந்தச் சபைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. “எல்லாம் பழைய கொத்தனார் பண்ண வேலை சார். கமிட்டி கூடி, இனிமே அந்த ஆள் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். வெளியிலயும் இப்ப யாரும் அவரைக் கூப்பிடறதில்ல. நாளைக்கு வேற கொத்தனார் வர்றாரு.”

வாத்தியார் குனிந்து பார்த்தார். உடைந்த கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் கம்பிகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தரத்தில் நிற்பதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். கொத்தனார் முதல் வருஷமே படித்துப் படித்துச் சொன்னார். “தம்பிங்களா, கம்பி மேல மட்டும் கால் வைக்காதீங்க. அமுங்கிச்சுன்னா போச்சு.” சொல்லிவிட்டு சிமெண்ட் எடுத்துவரப் போனார். அவர் அந்தப் பக்கம் போனாரோ இல்லையோ, அப்போது மாணவராக இருந்த இந்த மகாராசன் கம்பி மேலேயே ஏறி, இரண்டு கையையும் விரித்து ஃபோட்டோவுக்கு நின்றார். கம்பி அமுங்கி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பார்த்தாரா? பார்த்தார். தூக்கிக் கட்ட அரை மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு வழியனுப்பும் கூட்டம். கொத்தனார் திரும்புவதற்குள், கலந்து வைத்திருந்த கான்கிரீட்டைக் கொட்டி, தேய்த்து, மூடிவிட்டார். அன்றைய கூட்டத்தில் எழுந்து, கர்த்தருடைய வேலையை முழு மனசோடு செய்தோம் என்று சாட்சி வேறு சொன்னார். அந்த வாயை என்ன சொல்வது!

உடைந்த சன்ஷேடைப் பார்த்த அன்று மத்தியானமே வாத்தியார் கொத்தனார் வீட்டைத் தேடிப் போனார். கொத்தனார் வாசலில் உட்கார்ந்து, பழைய இரும்புக் கடைக்காக வளைந்த ஆணிகளைச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

“அடடே, ஒட்டடைக்குச்சி! தொப்பை போட்டுட்டீங்களே தம்பி!” என்று எழுந்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார். வந்தவர் யாரென்று தெரிந்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

“அண்ணே, அந்தக் கம்பிய நான்தான் மிதிச்சேன்.”

“தெரியும்.” கொத்தனார் மறுபடி உட்கார்ந்து ஒரு ஆணியை எடுத்தார். “சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சப்பவே கம்பி அடியில தெரிஞ்சுது. இடிச்சிட்டு வேற போட்டுத் தர்றேன்னு பழைய பாஸ்டர்கிட்ட சொன்னேன். பிள்ளைங்க ஆசையா போட்டது, இடிச்சோம்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் வருவாங்களான்னாரு. சரின்னு அடியில ரெண்டு முட்டுக் குடுத்து வச்சேன். போன வருஷம் உங்க காலேஜ் பிள்ளைங்க வர்ற நேரம், ஃபோட்டோல அசிங்கமா தெரியும்னு அதையும் எடுத்துட்டாங்க.”

“கமிட்டியில சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“சொன்னேனே. தன் தப்பைப் பிள்ளைங்க தலையில போடறான்னாங்க.”

வாத்தியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “சாயங்காலம் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்களும் வாங்க. உங்க வேலை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்,” என்றார்.

உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது. “போய்ட்டு வாங்க. வெள்ளைச் சட்டைய தேய்ச்சுத் தர்றேன்.”

சாயங்காலம் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். முடித்ததும் போதகர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “பாருங்க பிள்ளைங்களா! யாருக்கு வரும் இந்தத் தாழ்மை?” மாணவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். வாத்தியாருக்கு உடம்பெல்லாம் கூசியது.

“கை தட்டாதீங்க!” என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. “பாஸ்டர், அண்ணன் நாளைக்கு வேலைக்கு வரலாமா? அதைச் சொல்லுங்க.”

போதகர் குரலைத் தாழ்த்தினார். “புது ஆளுக்கு வாக்குக் குடுத்தாச்சே சார். அடுத்த மாசம் கமிட்டியில பேசுவோம். இந்த நல்ல நேரத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.”

அண்ணன் வராவிட்டால் நாங்களும் நாளைக்கு ஒரு செங்கலைத் தொட மாட்டோம் என்று சொல்ல நுனி நாக்கு வரை வந்தது. பதினான்கு வருஷ உறவு, நாற்பது பிள்ளைகள், கல்லூரிக்குப் போய் என்ன பதில் சொல்வது என்று எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. வாத்தியார் மென்று முழுங்கிவிட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து கொத்தனார் எழுந்து வந்தார். சட்டையில் தேய்த்த மடிப்புக் கலையவில்லை.

“விடுங்க தம்பி. உங்க பாரம் இறங்கிடுச்சுல்ல,” என்றார். “வீட்ல அவ காத்துட்டிருப்பா. அவகிட்ட என்னன்னு சொல்லட்டும், அதை மட்டும் சொல்லிக் குடுங்க.”

“அடுத்த மாசம் கமிட்டியில…” என்று வாத்தியார் ஆரம்பித்தார். கொத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.