கழுவிய எரிமலைக் கல்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்காவின் மேசையிலிருந்து எடுத்தேன். அக்கா மணி கோப்பவள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னக் கடையில் எரிமலைக் கல், புலிக்கண், செவ்வந்திக் கல் எல்லாம் கிண்ணம் கிண்ணமாக இருக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பூமி ஒருநாள் பெருமூச்சு விட்டது. அப்போது கடலின் நடுவே—

அக்கா படித்துவிட்டுச் சொன்னாள்: “மனுஷங்க எப்ப வருவாங்க? எரிமலை ஆறுறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும்டி.”

சரி. மனிதரைக் கூப்பிடுகிறேன்.

2

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். காகிதப் பொட்டலத்தில் அறுந்துபோன பிரேஸ்லெட்: வண்ணக் கற்கள், நடுவே ஒரே ஒரு கறுப்பு எரிமலைக் கல். “எலாஸ்டிக் போயிடுச்சும்மா. கோத்துக் குடுத்தா போதும்.”

பழைய மணி எது வந்தாலும் அக்கா முதலில் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். பிசுக்கோடு கோத்தால் முடிச்சு நழுவிவிடும். இதையும் ஊறப்போட்டாள்.

மறுநாள் அவர் வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனார்.

“கழுவிட்டீங்களா?”

“ஆமாண்ணே. புதுசு மாதிரி இருக்கு பாருங்க.”

(இங்கே அவரைக் கத்தவிட்டிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.)

“எங்கப்பாவோடது. முடி வெட்டுறவரு. கையில இதைப் போட்டுக்கிட்டேதான் எல்லாருக்கும் ஷேவிங் லோஷன் தடவுவாரு. அவர் போனப்புறம் அம்மாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. என்னையே யாருங்கிறாங்க. இதை மோந்து பாத்தாதான் ‘வந்துட்டியா’ன்னு ஒரு வார்த்தை வரும். அதுக்கப்புறம்தான் சாப்பிடுவாங்க.”

“முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே?”

“சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

3

அன்று அக்காவின் பூதக்கண்ணாடியில் அந்தக் கறுப்பு மணியைப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஓட்டை. கொதித்த எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட குமிழிகள் அவை. காற்று எப்போதோ போய்விட்டது. அது இருந்த இடம் அப்படியே கல்லாகி நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் புலிக்கண்ணுக்குள் எதுவும் நுழையாது, வழவழவென்று தள்ளிவிடும். இது மட்டும் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. நெருப்பு காலி செய்துவிட்டுப் போன அறைகளில் ஒரு முடிதிருத்துபவரின் வாசம் குடிவந்திருக்கிறது.*

* சோப்பு எத்தனை அறை உள்ளே போயிருக்கும்? அக்காவுக்கும் தெரியவில்லை.

முடிவு அ: அதே லோஷனை வாங்கிக் கல்லில் தடவுகிறார்கள். எல்லோரும் நலம்.

அக்கா தலையாட்டினாள். “அவரு முன்னாடியே பாட்டிலோட நீட்டிப் பாத்திருக்காரு. ‘இது கடை வாசனை’ன்னு அம்மா தள்ளிவிட்டுட்டாங்களாம்.”

முடிவு ஆ: கல் இல்லாமலே அம்மாவுக்கு எல்லாம் திடீரென நினைவுக்கு வந்து—

இல்லை. எனக்கே கூச்சமாக இருக்கிறது.

4

நடந்ததையே எழுதுகிறேன். அக்கா கடையைச் சாத்திவிட்டு, “நானும் வரேண்ணே, நான் செஞ்சது” என்று அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் அவருடைய அம்மா. ஸ்டூலில் தொடாத தட்டு. மகனின் சீருடையைப் பார்த்தார்.

“லிஃப்ட் ரிப்பேருக்கா வந்தீங்க? இந்த வீட்டுல லிஃப்டே இல்லையேப்பா.”

“ஆமாம்மா. இல்லதான்.”

“அப்புறம் எதுக்கு மூணு பேரு?”

சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா பிரேஸ்லெட்டை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அம்மா வண்ணக் கற்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். கறுப்பு மணி வந்ததும் விரல் நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூக்கருகே தூக்கினார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார்.

இங்கே பேனாவைத் தூக்கிவிட்டேன். அந்த மூச்சு இன்னும் உள்ளேதான் போய்க்கொண்டிருக்கிறது, கல்லின் கடைசி அறை வரைக்கும். வெளியே வரும்போது ஒரு வார்த்தையோடு வருமா, வெறும் காற்றாக வருமா? மகன் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். நீங்களும் இந்த அறையில்தான் நிற்கிறீர்கள். கட்டிலுக்கு நீங்கள்தான் பக்கம். கொஞ்சம் குனிந்து கேளுங்கள்.