ஒன்றாம் நம்பர் டயர்

...இல்லை, இது தன் டயராக இருக்க வாய்ப்பே இல்லை, ஆடியில் மாற்றிப் போட்டபோது நாலும் ஒரே சீராகத்தானே இருந்தன, கேஜ் வைத்து அளந்து பார்த்தோமே, இப்போது தை, ஆறே மாதம், அதுவும் ஞாயிறுக்கு ஞாயிறு கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வருகிற வண்டி, ஒரு ஓரம் மட்டும் இப்படி வழுவழுவென்று தேய்வதாவது என்று நடேசன் வானகரம் சர்வீஸ் ரோட்டில் கஜபதியின் டயர் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து அந்த டயரைத் தடவிக்கொண்டிருந்தார், முன் இடது டயர், வெளிப்பக்க ஓரம்... போன தடவை கடையிலேயே மாற்றிவிட்டார்களோ? மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர், கேட்டும் விட்டார். கஜபதி கோபித்துக்கொள்ளவில்லை, பனியன் துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்துக் காட்டினான், மஞ்சள் பெயிண்டில் ஒன்று என்று எழுதியிருந்தது, நடேசன் எழுதியதுதான். “இன்னா சார், நீ போட்ட நம்பரு, நீயே டவுட் பட்டா எப்டி?” ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன், கண்ணில் படுகிற பொருளுக்கெல்லாம் நம்பர் போட்டுவிடுவார், குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக் குக்கர் மூடிக்குக்கூட நம்பர் உண்டு, மனைவி சரசா அதைக் காட்டிக்காட்டிச் சிரிப்பாள். டயர் தன்னுடையதுதான், சரி, அப்படியானால் தேய்த்தது யார்?

முன்சக்கரம் இழுக்கிற வண்டி, முன்னால் இருக்கிற இரண்டுக்கும்தான் எல்லா வேலையும், இழுப்பதும் அவைதான், திரும்புவதும் அவைதான், பிரேக் போட்டால் பாரம் வந்து விழுவதும் அவற்றின் தலையில்தான், பின்னால் இரண்டும் ஓசியில் உருண்டு வருபவை, அதனால்தான் இடம் மாற்றிப் போடச் சொல்கிறார்கள், முன்னால் இருப்பது நேராகப் பின்னால், பின்னால் இருப்பது குறுக்கே முன்னால், இதெல்லாம் நடேசனுக்கு மனப்பாடம். ஆனால் தேய்ந்தால் முன்னால் இரண்டும் சேர்ந்தல்லவா தேயவேண்டும்? கஜபதி விரலால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னான், “காத்து கம்மினா ரெண்டு ஓரமும் போவும், ஜாஸ்தினா நடுவுல போவும், அலைன்மெண்ட் மிஷின்ல வச்சி பாத்துட்டேன், கரீட்டா கீது. இது வலது பக்கமாவே சுத்தினு இருந்த வண்டி சார். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சி, ரவுண்டு ரவுண்டா. ஊட்ல யார்னா வண்டி கத்துக்கிறாங்களா?” யாருமில்லப்பா, வீட்டில் நானும் சரசாவும்தான் என்று சொல்ல வாயெடுத்தார், சரசா என்கிற இடத்தில் வாய் நின்றுவிட்டது.

சரசாவா? அவள் எங்கே... ஸ்டியரிங்கைத் தொட்டே எட்டு வருஷமாயிற்றே. அப்போது லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வண்டி புதுசு, குவார்ட்டர்ஸ் கேட்டில் வலது பக்கம் திரும்பினாள், எதிரே பஸ் வருகிறது என்று பயந்து ஒடித்தாள், கேட் தூணில் கதவு உரசியது, ஒரு முழ நீளக் கீறல், அவ்வளவுதான். அதற்கு இவர் போட்ட கூச்சல் இருக்கிறதே, வாட்ச்மேன் வேம்புலி நிற்கிறார், பக்கத்து வீட்டு பேபி நிற்கிறாள், அத்தனை பேர் முன்னால், “உனக்கெல்லாம் எதுக்குடி ஸ்டியரிங்கு?” சரசா இறங்கினாள், பின்சீட்டிலிருந்து காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வீடுவரை நடந்தே போனாள். கீறலைப் பெயிண்ட் அடித்து மறைத்தாயிற்று. இதை எதால் மறைப்பது? வாடி, ஓட்டு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார், ஒவ்வொரு தடவையும் அதே பதில், “எனக்கு வேணாங்க, பயமா இருக்கு.” அவளுடைய ஆசையைக் கொன்றுவிட்டோம் என்றுதான் எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார், வண்டியை எடுக்கும்போதெல்லாம் அது உறுத்தும், யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் டயர் வேறு சொல்கிறதே... வலது, வலது, வலது, வேறு எந்தப் பக்கமும் இல்லை, அந்தக் கேட் திருப்பம்! அதையேதான் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நடேசன் கஜபதி கொடுத்த பிளாஸ்டிக் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அந்தக் காலி கிரவுண்ட், செம்மண், ஆமாம், சக்கரத்து மேலே செம்மண் ஒட்டியிருந்ததே, மாடு ஏதாவது மண்ணைக் கிளப்பியிருக்கும் என்று நினைத்தோமே, மாடாம்! டிரைவர் சீட்டு ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போதெல்லாம் நாலு விரற்கடை முன்னால் வந்திருந்ததே, சீட்டின் கொக்கி தேய்ந்துவிட்டது, வழுக்குகிறது என்று முடிவுகட்டி கிரீஸ் போட்டோமே. உள்கண்ணாடி கீழே சாய்ந்தே இருந்ததே, அதற்கும் பிடிமானம் லூஸ் என்று ஒரு தீர்ப்பு. பெட்ரோல் சீக்கிரம் தீர்கிறது, அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று மூன்று பங்க் மாறினோமே. தோள்பட்டையில் அவள் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஏன் என்று கேட்டதற்கு மாவாட்டினேன் என்றாள், வீட்டில் இருப்பது கிரைண்டர், அதையும் நம்பினோம்! இருபத்தெட்டு வருஷ இன்ஸ்பெக்‌ஷன், எது நடந்தாலும் குறை பொருளில்தான் இருக்கும், மனுஷர் பக்கம் பார்வையே போகாது. சிரிப்பு வந்தது, முதலில் மூக்கு வழியாக, பிறகு வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், கஜபதி ஸ்பேனரும் கையுமாக நின்று பார்த்தான், டயர் தேய்ந்துபோனதற்கு இத்தனை சந்தோஷப்படுகிற ஆளை அவன் பார்த்ததில்லை. ஆசை சாகவில்லை, அடேயப்பா, சாகவே இல்லை, செம்மண்ணில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது!

“சார், பின்னாடி போட்டா இன்னும் ஓடும். அடுத்த தபா ஆறு மாசம் வரிக்கும் வுடாத, மூணு மாசத்துலயே வந்துரு. அப்பால ஓட்டுறவங்கள லெஃப்ட்லயும் சுத்தச் சொல்லு.” சொல்கிறேன் என்று தலையாட்டினார். போன் அடித்தது, சரசா. “என்னங்க, இன்னும் ஆகலையா? ரெண்டரைக்கு ஷிஃப்டு. வண்டிய வீட்ல விட்டுட்டுத்தானே போவீங்க?” இதே கேள்வியை எத்தனை வாரமாகக் கேட்கிறாள், வெயிலில் நிறுத்தக்கூடாது என்கிற அக்கறை என்றல்லவா நினைத்தோம். வீட்லதாம்மா விடுவேன், நான் சைக்கிள்லதான் போவேன் என்றபோது குரலில் சிரிப்பு தெரிந்துவிடுமோ என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கஜபதியைக் கூப்பிட்டு உள்கண்ணாடியைக் கொஞ்சம் லூஸ் பண்ணச் சொன்னார். “போன மாசம் டைட் பண்ணச் சொன்னதே நீதான?” “அப்ப சொன்னேன், இப்ப லூஸ் பண்ணுப்பா.” அந்த இறுக்கமான கண்ணாடியை ஒரு மாதமாக எப்படித் திருப்பினாளோ, பாவம், தோள்வலியில் பாதி அதனால்தான் இருக்கும்.

கிளம்பும்போது என்ன தோன்றியதோ, சீட்டை நாலு விரற்கடை முன்னால் தள்ளிக்கொண்டார், கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டார், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது, இருக்கட்டும். இங்கே உட்கார்ந்துதான் அவள் பார்க்கிறாள், பானெட் இவ்வளவு பெரிசாகவா தெரிகிறது? அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வரும்போது காற்று சில்லென்று அடித்தது, மனசு பறந்தது, இன்றைக்கே சொல்லிவிடலாம், சரசா, எனக்குத் தெரியும்டி, சும்மா ஒரே பக்கம் சுத்தாதே, எட்டுப் போடு, வண்டி நிக்கும்போது ஸ்டியரிங்கை ஒடிக்காதே, கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே, காற்று முப்பத்திமூணு வை, செம்மண்ணில்... சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எத்தனை குறை! இவள் பயந்தது பஸ்ஸுக்கா, தூணுக்கா? பஸ்ஸுக்கும் தூணுக்கும் பயந்தவள் அந்தத் திருப்பத்தையேவா போட்டுப் போட்டுப் பார்ப்பாள்? கிரவுண்டில் அவள் காலியாக வைத்துக்கொண்டது ஒரே ஒரு இடம்தான்... பக்கத்துச் சீட்டு. திரும்பிப் பார்த்தார், அதில் டயர் கடை ரசீது மட்டும் கிடந்தது.

குவார்ட்டர்ஸ் கேட்டில் வலது பக்கம் திரும்பினார், முழங்கால் இடிக்க, ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டு, ஒருவழியாக. லேசான திருப்பம் இல்லைதான், இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது. சரசா வாசலுக்கு வந்தாள், அவரைப் பார்க்கவில்லை, முதலில் டயரைத்தான் பார்த்தாள். “ஏதும் சொன்னாங்களா?” என்றாள், கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. இடது பக்கமும் சுற்றச் சொன்னாங்க என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கினார், “ஒண்ணுமில்ல, எல்லா வண்டியிலயும் தேயறதுதான்” என்றார். கண்ணெதிரே தெரிந்த தேய்மானத்தை அவர் பாஸ் போட்டது சர்வீஸிலேயே இதுதான் முதல் தடவை. அவள் முகம் தெளிந்தது, சாப்பிட வாங்க என்று உள்ளே போனாள், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே, ஆறு மாதமாகவே அவள் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள், அதையும் இன்றைக்குத்தான் கவனிக்கிறார்.

சாப்பிட்டுவிட்டு சைக்கிளை மிதித்து ஃபாக்டரி கேட்டை நெருங்கும்போது சுருக்கென்றது, சீட்டைப் பின்னால் தள்ளவில்லை... கண்ணாடியும் சாய்ந்தபடியே இருக்கிறது. இந்நேரம் கதவைத் திறந்திருப்பாள், உட்கார்ந்திருப்பாள், எதையும் இழுக்காமல், எதையும் திருப்பாமல் எல்லாம் அவள் அளவுக்கே இருக்கும், கண்டுபிடிக்கமாட்டாளா? திரும்பிப் போய்விடலாமா? ஷிஃப்டு மணி அடித்தது. மறந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் அவளாகவே கூப்பிட்டால், வாங்க, பக்கத்துல உட்காருங்க என்று கூப்பிட்டால், கேட்டுவரைக்குமாவது வாயைத் திறக்காமல் தன்னால் வரமுடியுமா? டோக்கனை நீட்டிவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டு செக்‌ஷன்வரை நடந்து பார்த்தார். வழியில் உடன் வேலைபார்க்கிற பால்ராஜ் வணக்கம் சொன்னார், தலையை மட்டும் ஆட்டினார். பாதி தூரம் முடிந்தது.