சிவப்பு முடிச்சு மூட்டை

இடுப்பு வலிதான் அன்றைக்கும் அவளை எழுப்பியது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த இடுப்பு. கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் பாய்லரக்கா என்றே கூப்பிட்டார்கள். துணி அவிக்கும் அந்தப் பழைய பாய்லர் அவளுக்கு மட்டும்தான் அடங்கும். முன்னால் அதைப் பார்த்துக்கொண்டவரின் முகம் வெந்துபோன பிறகு வேறு யாரும் கிட்டே போவதில்லை. அதனால் அவளுக்கு லீவு என்பது குதிரைக்கொம்பு.

வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். "நீ பக்கத்துல இருந்தா போதும்மா. நான் கத்தக்கூட மாட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். வருகிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் லீவு கேட்கப் போனால் சிஸ்டர்களின் தலைவியான மதர் கையைப் பிடித்துக்கொள்வார். அதட்டினால் சண்டை போடலாம், கையைப் பிடிக்கிறவரை என்ன செய்வது? புருஷனைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டதும், அவன் போன பிறகு இவளுக்கு வேலை கொடுத்ததும் இந்தச் சிஸ்டர்கள்தான். அந்த நன்றி காலில் போட்ட கட்டு மாதிரி. கடைசியில் மதரே வழி சொன்னார், ஸ்தாபக நாளில் போய்விட்டு வா என்று.

ஸ்தாபக நாளில் சலவைக்காரர்களுக்கு ஓய்வு கொடுப்பது அந்த ஆஸ்பத்திரியின் பழக்கம். முதன்முதலில் வந்தவர்கள் மூன்று சிஸ்டர்கள். ஒரு தானியக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, நோயாளிகளைச் சாக்கில் படுக்க வைத்தார்கள். ஒருவருக்கு வைத்தியம், ஒருவருக்கு அடுப்படி, மூன்றாமவருக்குத் துணி. காய்ச்சல்காரர்களின் துணியிலிருந்தே துணி சிஸ்டருக்குக் காய்ச்சல் ஒட்டியது. அவர் எழுந்திருக்கவே இல்லை. துவைக்கிறவர்களை வருஷத்தில் ஒரு நாளாவது உட்கார வையுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். அன்றிலிருந்து ஸ்தாபக நாளில் சிஸ்டர்கள் தொட்டியில் இறங்கிக் கையாலேயே துவைப்பார்கள். பாய்லருக்கும் ஓய்வு. சலவைக்காரர்கள் சிஸ்டர்களின் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வருஷம் பூரா முதுகை ஒடித்துவிட்டு ஒரு நாள் தைலம் தடவுகிறார்கள் என்பார் இஸ்திரிக்காரர். சொல்லிவிட்டு, சலவைக்கூடத்தில் தோரணம் கட்டுவதும் அவர்தான்.

இந்த வருஷ ஸ்தாபக நாளில் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று மருமகன் போன் செய்திருந்தான். மத்தியான பஸ்ஸைப் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று சலவைக்கூடத்துக்கு இறங்கினாள்.

சிஸ்டர்கள் முழங்கை வரை நனைந்து, சிரித்துப் பேசித் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் விரிப்புகளும் பச்சைக் குழந்தைகளின் துணிகளும் ஒரே தொட்டியில். தொட்டி ஓரத்தில் ஒரு மூட்டை காலியாகக் கிடந்தது. பக்கத்திலேயே சிவப்புத் துணி முடிச்சு.

அவள் முடிச்சை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு முடிச்சு போட்டால் அது தொற்றுக் காய்ச்சல் வார்டு மூட்டை. பாய்லருக்குப் பின்னால் தனியாக வைத்து, தனியாக அவிக்க வேண்டியது. இடுப்பு வலியும் பஸ் நினைப்புமாகக் காலையில் அதை மற்ற மூட்டைகளோடு போட்டவள் அவளேதான். இஸ்திரிக்காரர் அன்று தோரணம் கட்டியதும் சிவப்பு ரிப்பனில். இதுவும் அலங்காரம் என்று நினைத்து சிஸ்டர்கள் அழகாக அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள்.

சொல்லாமல் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தைத் துணி ஒன்று தண்ணீரில் மிதந்து அவள் பக்கம் வந்தது.

சொன்னாள். தன் தப்பு என்றும் சொன்னாள். சிஸ்டர்கள் கையை வெளியே எடுத்தார்கள். மதர் யாரையும் திட்டவில்லை.

"நீ கிளம்பும்மா, பஸ் போயிடும்" என்றார். பாய்லர் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் அவிச்சாகணும். பாய்லரை எப்படிப் பத்த வைக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அந்த வார்த்தையோடு அவள் ஊருக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. வெந்த அந்த முகம் அவள் கண்முன் வந்தது. பையை அலமாரி மேல் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

"தள்ளி நில்லுங்க மதர். அதுக்கு உங்களைத் தெரியாது, கடிச்சிடும்" என்றாள்.

தெருவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நீராவி கூரையை அடைத்தது. மதர் சோப்புத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு வந்து, அவளோடு சேர்ந்து விரிப்புகளைத் தூக்கிப் போட்டார்.

கடைசிச் சுற்று அவியும்போது போன் வந்தது. "பொண்ணு பொறந்திருக்கு அத்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லி மருமகன் போனை மகளிடம் கொடுத்தான்.

"கத்திட்டேம்மா" என்றாள் மகள்.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். மதர் கிட்டே வந்து, உனக்கு ஒரு நாள் நாங்கள் பாக்கி வைத்திருக்கிறோம் என்றார்.

"உங்க பாக்கி கிடக்கட்டும் மதர்" என்றாள் அவள், பாய்லரைப் பார்த்துக்கொண்டே.

அவள் பட்ட கடன் மகளிடம். பிரசவத்தின்போது பக்கத்தில் இருப்பேன் என்று கொடுத்த வாக்கு. அது இன்னும் பாக்கி.