சரிகை வந்த இடம்

இரண்டாவது போர்வையிலும் காந்தம் எதையும் பிடிக்கவில்லை. கமலினி அதை மடிக்காமல் அப்படியே கட்டிலில் தள்ளிவிட்டு மூன்றாவதை இழுத்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது. தையல் அறையில் குண்டூசி சிந்தினால் பொறுக்குவதற்கென்று அம்மா வைத்திருப்பது. மூன்றாவது போர்வை பாதி வேலையில் கிடந்தது. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு விலகாமல் இருக்க அங்கங்கே ஊக்கு குத்தியிருந்தது. காந்தம் ஊக்கு ஊக்காகப் போய் ஒட்டியது. டக்கென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கையை நிறுத்தினாள். குனிந்து பார்த்தால் ஊக்குதான்.

"இதுல இருக்கணும். பெருமாளே, இதுல இருக்கணும்" என்று முனகிக்கொண்டே எல்லா ஊக்குகளையும் பிடுங்கிவிட்டு மறுபடியும் காந்தத்தை ஓட்டினாள். ஒன்றும் இல்லை. மிஷினின் வயிற்றைத் திறந்து பார்த்தாகிவிட்டது. பஞ்சுத் தூசிதான் இருந்தது. தரையைக் கையால் தடவிப் பார்த்தாகிவிட்டது.

அப்படியென்றால் அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அக்கா பிள்ளையின் முதுகுக்கு அடியில்.

சற்று முன்புதான் அக்கா கோதா போன் செய்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையத்துக்கு வந்து, பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்து, நேற்றுதான் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"அம்மா, வந்ததுல இருந்து வைகுந்த் கீழ போட்டாலே வீல்னு கத்துதான். தூக்கி வச்சா கொஞ்சம் பேசாம இருக்கான். அத்தை மொளகா சுத்திப் போட்டுட்டாவ, ஒண்ணும் கேக்கல."

"எடம் மாறுனதுல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா பார்சலைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். கீழே போட்டால் கத்துகிறான் என்ற சொல் போய் நேராகக் கமலினியின் பென்சில் டப்பாவில் நின்றது.

அம்மா கனகலட்சுமி ஒட்டுப்போர்வை தைப்பவள். ஊரெல்லாம் மில் இருப்பதால் பஞ்சுக்குக் குறைவில்லை. ஆட்கள் தங்கள் பழைய துணிகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் கட்டம் கட்டமாக வெட்டி, இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டித் தருவாள். படம் எடுத்து இன்ஸ்டாவில் குயில்ட் என்று போடுவது பிளஸ் ஒன் படிக்கும் கமலினியின் வேலை. லீவு நாளில் மிஷினிலும் உட்காருவாள்.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, சுவரில் தொங்கும் பழைய காலண்டர் அட்டையில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுகிற வரைக்கும் மிஷினைத் தொடக்கூடாது. அட்டை முழுக்க அப்படிச் செத்த ஊசிகள் வரிசையாக இருந்தன.

முந்தாநாள் ஊசி உடைந்தது. வைகுந்துக்கென்று அம்மா தைத்துவந்த போர்வையில் கடைசி மூலை மட்டும் பாக்கி. அந்தப் போர்வையில் எல்லாமே கோதாவின் துணிகள். பள்ளிக்கூட யூனிபார்ம், தாவணி, மசக்கையில் போட்டிருந்த நைட்டி, மூலைகளில் வளைகாப்புப் பட்டின் சரிகை. "சரிகை வார எடத்துல மோட்டார விட்டுட்டு சக்கரத்தக் கையால சுத்து" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படியில் சீர்ப் பலகாரம் பார்க்கப் போயிருந்தாள். கமலினி மோட்டாரை அமுக்கினாள். டக்கென்றது. மேல் பாதி மிஷினில் நின்றது, கீழ்ப் பாதியைக் காணவில்லை. பக்கத்தில் குவிந்து கிடந்த போர்வைகளில் தெறித்திருக்கும், பொறவு தேடிக்கொள்ளலாம் என்று கையில் இருந்ததைப் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டு, புது ஊசி மாட்டி, மூலையை முடித்துவிட்டாள். மறுநாள் சீர், சாப்பாடு, கார் என்று ஓடியதில் மறந்தே போனது.

அம்மா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, கோயமுத்தூர் ஆர்டர எதுக்குப் பிரிச்சுப் போட்டுருக்க? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

கமலினி பென்சில் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"இதோட சோடி எங்க?"

கமலினி கட்டிலில் கிடந்த காந்தத்தைப் பார்த்தாள்.

"எதுல ஒடஞ்சது? வாயத் தொறந்து சொல்லுட்டி."

"பாப்பா போர்வையில. சரிகை வந்த எடத்துல."

அம்மா கை ஓங்குவாள் என்று கமலினி தோளைக் குறுக்கினாள். கனகலட்சுமி காலண்டர் அட்டையைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்காவுக்கு போன் போட்டு ஊசி கெடக்குன்னு சொல்லிருவோம்மா."

"அவ பிள்ளைய வச்சுக்கிட்டு ஸ்பீக்கர்லதான் பேசுதா. பக்கத்துல மாமியா. ஊசின்னு ஒரு சொல்லு அவிய காதுல விழுந்தா போதும். அனுசியா இப்ப எங்க இருக்கா?"

"சோழபுரத்துல."

"எதுக்கு இருக்கா?"

அது இருவருக்கும் தெரியும். அனுசியா அந்த வீட்டின் மூத்த மருமகள். அவள் குழந்தை காய்ச்சலில் இறந்தது. காரியம் முடிந்து மெத்தையைப் பிரித்தபோது உள்ளே துருப்பிடித்த குண்டூசி ஒன்று கிடந்தது. மெத்தை அனுசியாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. செய்வினை என்று உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கி சொல்ல, மாமியார் அன்றைக்கே அவளைச் சோழபுரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார். இன்றுவரை கூப்பிடவில்லை. புருஷன் மட்டும் ஒளிந்து ஒளிந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

கனகலட்சுமி போனை எடுத்தாள். குரலைச் சாதாரணமாக்கிக்கொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஏ கோதா, அந்தப் போர்வை பிள்ளைக்குச் சூடு. வேர்த்துத்தான் அழுவான். பழைய சேலைய விரிச்சுப் போடு. நாங்க வாரோம்."

பஸ்ஸில் அம்மாவின் மடியில் இருந்த பையில் காந்தமும் கத்தரியும் ஊசிப் பாக்கெட்டும் பென்சில் டப்பாவும் இருந்தன. பஸ் குலுங்கும்போது காந்தம் கத்தரியோடு ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் அம்மா வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கமலினிக்குக் கை எழவில்லை.

வாசலில் மாமியார் ஸாவித்ரி நின்றிருந்தார். தோளில் வைகுந்த்.

"நேத்து விட்டுட்டுப் போன பிள்ளைய இன்னைக்கே பாக்க வந்துட்டியளே மதினி. நாங்க என்ன வித்தா போட்டுருவோம்?"

"மனசு கேக்கல மதினி. போர்வையிலயும் ஒரு ஓரம் அடிக்காம விட்டுட்டேன். பஞ்சு பிதுங்கி பிள்ள வாயில போயிரக் கூடாதுல்ல. கமலி ரெண்டு தையல் போட்டுருவா."

"நல்லதாப் போச்சு. நானே அதப் பிரிச்சுப் பாக்கணும்னுதான் இருந்தேன். இவன் எங்க விட்டான்." ஸாவித்ரி குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். கண் உள்ளே போயிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். "தப்பா எடுத்துக்கிடாதிய. மூத்தவன் பிள்ளைய இந்தக் கையாலதான் மண்ணுல வச்சேன். இவனாவது எனக்குத் தங்கணும். பொழுது சாயக் கோடாங்கிய வரச் சொல்லிருக்கேன்."

"சேலையில போட்டதும் சரியாயிருச்சா கோதா?" என்று உள்ளேயிருந்து வந்த மகளிடம் அம்மா கேட்டாள்.

"எங்கம்மா. சேலையில போட்டாலும் அப்படித்தான் அழுதான்."

அம்மா கமலினியைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸாவித்ரியிடம் பல் முளைப்பதைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தாள்.

கமலினி போர்வையை எடுத்துக்கொண்டு வெளிச்சம் வேண்டும் என்று மாடிக்கு ஏறினாள். வெயில் இன்னும் இருந்தது. துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. போர்வையைத் தரையில் விரித்து, ஒரு ஓரத்திலிருந்து காந்தத்தை மெல்ல ஓட்டினாள். யூனிபார்ம் கட்டம், தாவணிக் கட்டம், நைட்டியின் பூக்கள். சரிகை மூலைக்கு வந்ததும் துணி அடியிலிருந்து மேலே எழும்பிக் காந்தத்தைத் தொட்டது.

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. கத்தரி நுனியால் தன் தையலைத் தானே பிரித்தாள். பஞ்சுக்குள் விரலை விட்டாள். சின்னதாக, குளிர்ச்சியாக, கிடைத்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சில் டப்பாவிலிருந்த மேல் பாதியை எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்தாள். உடைந்த இடம் அச்சாகப் பொருந்தியது. பழக்கத்தில் பாக்கெட்டிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

புது ஊசி நீளமாக இருந்தது.

அவள் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். தலையோடு தலையை ஒட்டி வைத்துப் பார்த்தாள். பஞ்சிலிருந்து எடுத்த துண்டுக்கு இரண்டு பக்கமும் முறிவுதான். கூர் இல்லை. நூல் கோக்கும் காதுக்குக் கீழே, ஒரு சீரகம் அளவுக்கு, நுனி மட்டும் இல்லை.

காந்தத்தை மறுபடி ஓட்டினாள். மூலையை முழுசாகப் பிரித்துப் பஞ்சை இழை இழையாகப் பிய்த்தாள். தரையில் மண்டியிட்டுத் தேய்த்தாள். காந்தத்தில் மொட்டைமாடியின் கறுப்புத் தூள்தான் ஒட்டியது. ராஜபாளையத்திலேயே மிஷினுக்குள் எங்காவது போயிருக்கலாம். குப்பையோடு போயிருக்கலாம். காரில் விழுந்திருக்கலாம். துண்டுகளையும் புது ஊசியையும் மறுபடி உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"என்னட்டி தேடுத?"

கோதா மாடிப்படியின் தலைப்பில் நின்றிருந்தாள். வைகுந்த் அவள் தோளில் சாய்ந்து விக்கிக்கொண்டிருந்தான். அவள் பிரிந்து கிடந்த மூலையைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். தங்கையின் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"யாரு வச்சது?"

"யாரும் வைக்கலக்கா. நான் தைக்கும்போது ஒடஞ்சது. தேடாம விட்டுட்டேன்."

கோதா அப்படியே துவைக்கல்லில் உட்கார்ந்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எரும. எரும மாடு. ராத்திரி பூரா நான் என்னென்னமோ நெனச்சுச் செத்தேன். அத்தை என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாவ, அனுசியாக்காவப் பாத்த மாதிரியே." குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். "இந்தா பாரு, இதான். கொசுக்கடின்னு நெனச்சேன்."

முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் லேசாகத் தடித்திருந்தது. கோதா அதை விரலால் நீவியதும் வைகுந்த் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான்.

"சரி சரி, சரியாப் போச்சு. குத்துனத எடுத்தாச்சு, இனி அழ மாட்டான் எம்பிள்ள." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரு கீக்டருன்னு கெளம்பிராதிய. எதுக்குன்னு அத்தை கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அம்மாவோட நிக்கட்டும் இது. அந்தச் சனியன எங்கயாவது தூர வீசிரு."

கீழே வாசலில் உடுக்கைச் சத்தம் கேட்டது. "கோதா, பிள்ளையத் தூக்கிட்டு வா. அவரு வந்துட்டாரு" என்று ஸாவித்ரி கூப்பிட்டார்.

"இந்தா வாரேன் அத்தை."

கோதா எழுந்தாள். இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள். கமலினி இன்னும் கையை மூடவில்லை. அதில் இரண்டு துண்டுகளும் ஒரு புது ஊசியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அக்கா பார்த்தது ஊசிகளை அல்ல, அவள் முகத்தை.

"ஏ கமலி, முழுசாக் கெடச்சிருச்சுல்ல?"