துண்டு கொக்கியிலயே இருக்கட்டும்

குளியலறைகள்ல அந்த அட்டையை மாட்டின அன்னிக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது. 'பூமியைக் காப்போம். துண்டை மறுபடி உபயோகிப்பதானால் கொக்கியில் மாட்டுங்கள். மாற்ற வேண்டுமானால் தரையில் போடுங்கள்.' பக்கத்துல ஒரு பச்சை இலை படம் வேற. பூமியைக் காப்பாத்த இந்த ஹோட்டல்காரங்களுக்கு என் துண்டுதான் கிடைச்சுதா?

நான் அந்த ஹோட்டல் சலவைப் பிரிவுல மெஷின் ஓட்டறவ. கூட வேலை பார்க்கறது என் அண்ணி. நான் துவைச்சுத் தள்ளுவேன், அவ உலர்த்தி, தேய்ச்சு, மடிப்பா. என்னைவிட ரெண்டு வயசு சின்னவ, அதனால அண்ணின்னு கூப்பிட்டாலும் வா போன்னுதான் பேச்சு.

அட்டை மாட்டி ரெண்டு வாரத்துல துணி பாதியா குறைஞ்சுது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துட்டு, இந்த மாசம் முழுக்க இப்படியே இருந்தா இங்க ஒரு ஆள் போதும்னு சொல்லிட்டுப் போனார். போகப்போறது யாருன்னு கேக்கவே வேண்டாம். நான் சேர்ந்து ஒன்பது வருஷம், அண்ணி சேர்ந்து ஒரு வருஷம். அண்ணன் கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்ததுலேர்ந்து அவ சம்பளத்துலதான் அந்த வீட்டு அடுப்பு எரியுது. அதுவும் போச்சுன்னா குடும்பத்தோட என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அண்ணன் மேல உசுரையே வச்சிருக்கேன், ஆனா என் வீடு ஒரே ரூம்.

அதனால மின்னலைப் பிடிச்சோம். மின்னல்ங்கறது அறைகளைச் சுத்தம் பண்றவ. ஒரு அறையைப் பெருக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்குவா, அதான் அந்தப் பேர். கொக்கியில தொங்கற துண்டையும் சேர்த்து அள்ளிட்டு வாடின்னோம். பாவமில்லையான்னு இழுத்தா. என்ன பாவம், துண்டு வந்து உன்கிட்ட அழுதுச்சான்னு அண்ணி கேட்டா. மறுநாளே துணி மலையா வந்து குவிஞ்சுது. பாதித் துண்டை யாரும் தொட்டதுகூட இல்லை. நம்ம விருந்தாளிங்களுக்குப் பூமி மேல அக்கறையே இல்லைன்னு மேனேஜர் வருத்தப்பட்டார். நாங்களும் கூடச் சேர்ந்து உச்சுக் கொட்டினோம்.

இதுக்கு நடுவுல வீட்ல தண்ணிக் கஷ்டம். ஹோட்டலோட பின்சுவரை ஒட்டின தெருவுலதான் என் வீடும் அண்ணன் வீடும். தெருவுக்கே ஒரு அடிபம்பு. முன்னெல்லாம் பத்து அடி அடிச்சா குடம் ரொம்பிடும், இப்ப நாப்பது அடிச்சாலும் இருமிக்கிட்டே கிடக்குது. ஒருநாள் காலையில யார் குடம் முதல்லன்னு எனக்கும் அண்ணிக்கும் தகராறு வந்து, அவ என் கொண்டையைப் பிடிக்க, நான் அவ குடத்தை உருட்டிவிட, பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. அன்னிக்கும் வேலைக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தமான துண்டைத் துவைச்சோம்.

மறு வாரம் ஒரு மேடம் வந்தாங்க. ஹோட்டலுக்கு ஏதோ பசுமை சர்டிபிகேட் வேணுமாம், அதை இவங்கதான் குடுக்கணுமாம். எங்க எல்லாரையும் கூட்ட அறையில ஏசி போட்டு உக்கார வச்சாங்க. தூங்கறதுக்குத் தோதா நான் கடைசி வரிசையைப் பிடிச்சேன். மேடம் போர்டுல மூணு வட்டம் போட்டாங்க. ஒண்ணு இயற்கை, ஒண்ணு வருமானம், ஒண்ணு மனுஷங்க. மூணும் சேர்ந்து நின்னாத்தான் எதுவும் நீடிக்குமாம், ஒண்ணை விட்டா மத்த ரெண்டும் படுத்துடுமாம். இன்னிக்கு நம்ம தேவையைப் பார்த்துக்கணும், ஆனா நாளைக்கு வரப்போறவங்க பங்குல கை வைக்கக் கூடாதுன்னாங்க. எனக்குக் கொட்டாவி வந்துச்சு. நாளைக்கு வரப்போறவங்களுக்காக நான் எதுக்கு இன்னிக்கு முழிச்சிருக்கணும்?

அப்புறம் ஒரு படம் காட்டினாங்க. ஹோட்டலோட போர்வெல், பக்கத்துல வீடுங்க, எல்லாத்துக்கும் அடியில ஒரே தண்ணி. அஞ்சு வருஷத்துல அது எவ்வளவு இறங்கிடுச்சுன்னு கோடு போட்டிருந்துச்சு. மழை உள்ள அனுப்பறதைவிட ஹோட்டல் உறிஞ்சறது ஜாஸ்தி, அதுல பாதிக்கு மேல சலவைக்கே போகுது, சுவருக்கு அந்தப் பக்கத்து அடிபம்பு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கினா பெரிய விஷயம்னாங்க.

எனக்குத் தூக்கம் பறந்துச்சு. தெருமுனை வீட்டுக்காரன் புது மோட்டார் போட்டதாலதான் தண்ணி இல்லைன்னு இத்தனை நாளா அவன் பரம்பரையையே திட்டிக்கிட்டு இருந்தேன். காலையில ஒரு குடத்துக்காக முடியைப் பிடிச்சு இழுத்துக்கறோம், மத்தியானம் யாரும் தொடாத துண்டுக்கு நூறு குடத்தைக் கொட்டறோம். வெக்கமா இருந்துச்சு. நிஜமாவே வெக்கமா இருந்துச்சு.

மேனேஜர் எழுந்து, அட்டை வச்சும் விருந்தாளிங்க ஒத்துழைக்கலையே, நாங்க என்ன பண்றதுன்னு ஆரம்பிச்சார். அண்ணி பட்டுனு எழுந்தா.

"அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க சார். அவங்க கொக்கியிலதான் மாட்டினாங்க. எடுத்து துவைச்சது நாங்க."

மின்னல் நாற்காலிக்கு அடியிலயே போயிடுவா போல இருந்தா. அடிப்பாவி, கெடுத்தியேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே நானும் எழுந்து நின்னேன். ரெண்டு பேரும் இப்பவே வீட்டுக்குக் கிளம்பலாம்னார் மேனேஜர். மேடம் அவரைக் கையமர்த்திட்டு, ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு எங்ககிட்ட கேட்டாங்க. துணி குறைஞ்சா இவளை அனுப்பிடுவேன்னார், அனுப்பினா என் அண்ணன் வீடு பட்டினின்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா, போர்டைக் காட்டிக் கேட்டேன்.

"அந்த மூணாவது வட்டத்துல யார் மேடம் இருக்காங்க? நாங்க இல்லையா?"

மேடம் மேனேஜர் பக்கம் திரும்பி, ஆளைக் குறைச்சா சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டாங்க. பாதி நேரம் சும்மா உக்காரவா சம்பளம்னு அவர் முனகினார். அதுக்கும் அண்ணிகிட்ட பதில் இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அவ தையல் கடையில இருந்தவ. ஓரம் கிழிஞ்ச பெட்ஷீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறீங்க, ஒரு தையல் மெஷின் குடுங்க, வாரத்துக்கு நாப்பது பெட்ஷீட்டை நான் பிழைக்க வச்சுடறேன்னா.

பார்க்கலாம்னார் மேனேஜர். அவர் பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? எத்தனை லீவை அந்த ஒரு வார்த்தை முழுங்கியிருக்கு. எழுதிக் குடுங்க, நாளையிலேர்ந்து துண்டு கொக்கியிலயே இருக்கும்னேன். மேடமே ஒரு தாளை நீட்டினாங்க. அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு, சலவைப் பிரிவில் யாரையும் நீக்க மாட்டோம்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினார்.

அண்ணி எழுத்துக் கூட்டிப் படிச்சா. போதும் வா அண்ணின்னு நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். அவ அசையலை. தாளைத் திருப்பி அவர் முன்னாடியே வச்சா.

"யாரையும்னு பொதுவா வேண்டாம் சார். எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். தாள் மேல வச்சார். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையா, உன் பேர் என்னம்மான்னு கேட்டார்.